விமானம் இருக்கிறது, கேப்டன் இல்லை

விமான நிலையக் கவுண்டரில் உட்காருகிறவன் விமானம் ஓட்டுவதில்லை. ஆனால் ஓடாத விமானங்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பறக்கக் காத்திருந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கவுண்டருக்கு அந்தப்பக்கம் நீங்கள் பட்டதை இந்தப்பக்கம் நானும் பட்டிருக்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட சொல்

'விமானி பற்றாக்குறை' என்று நாங்கள் சொல்லக்கூடாது. 'இயக்கக் காரணங்கள்' என்றே அறிவிக்க வேண்டும். விமானம் இயங்காததற்கு இயக்கத்தையே காரணம் காட்டுவது தர்க்கப்படி தவறு என்று மேலாளரிடம் வாதாடித் தோற்றவன் நான்.

ஒரு மாலை அப்படியே அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன். பெரியதாழையில் படகு வைத்திருக்கும் ஒருவர் கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இயக்கம் கெடக்கட்டும் தம்பி. ஓட்டுத ஆளு வந்தாச்சா, வரலையா? அத மட்டும் சொல்லு."

தீர்ந்துபோன நேரம்

ஆள் வந்திருந்தாலும் சிக்கல் உண்டு. ஒரு விமானி ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று விதி. ஊர் ஊராகத் தாமதப்பட்டு இங்கே இறங்கும்போது அந்த நேரம் தீர்ந்துவிட்டால், அவரும் ஓய்வெடுக்க ஓட்டல் அறைக்குப் போகவேண்டியதுதான். பெரிய ஊர்களில் மாற்று விமானி தயாராக இருப்பார். எங்களுக்கு அவர் சென்னையிலிருந்து வரவேண்டும். அவரைக் கொண்டுவரும் விமானத்துக்கும் ஒரு கேப்டன் வேண்டும்.

இதை ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "விதி சரிதான், களைச்சவர் ஓட்டப்படாது. ஆனா காலம்பறவே போட்டிருக்க வேண்டிய கணக்கைச் சாயங்காலம் போட்டுக் காட்டறேளே, இதுக்கு எங்க பள்ளிக்கூடத்துல முட்டைதான் போடுவோம்."

உள்ளூர்த் தீர்வு

ஆறுமுகநேரியில் இரும்புக்கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர் மகள் முத்துச்செல்வியோடு வந்திருந்தார். மறுநாள் காலை சென்னையில் எங்கள் நிறுவனத்திலேயே அவளுக்குத் துணை விமானி வேலைக்கான தேர்வு. உரிமம் வாங்கிவிட்டு நெடுநாள் வீட்டில் காத்திருந்தவள். இதை விட்டால் அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று பார்த்து கேப்டனின் நேரம் தீர்ந்து விமானம் ரத்தானது.

"எதுக்கு ரத்து?" என்று அண்ணாச்சி குரலை உயர்த்தினார். "எம் மவ லைசன்ஸ் வச்சிருக்கா. ஏளா, எடுத்துக் காட்டு!" வரிசைக்கு உயிர் வந்துவிட்டது. "அந்தப் புள்ளைட்ட சாவியக் குடுங்கவே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். உரிமம் மட்டும் போதாது, இந்த வகை விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும்; கேப்டனாக உட்கார அதற்கு மேலும் பல காலம் பறந்திருக்க வேண்டும்; வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம், அந்த இருக்கைக்குத் தகுதியானவர்கள்தான் குறைவு; ஆகவே பற்றாக்குறை உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருசேர உண்மை என்று தொடர்ந்தேன். முத்துச்செல்வி பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "அப்பா, சார் பேசி முடிக்கதுக்குள்ள ரயிலும் போயிரும். வாங்க."

ஒரே ஒரு திருப்தியான பயணி

ரயிலில் நின்றுகொண்டே போய்த் தேர்வானாள். பயிற்சி முடிந்து வேலையிலும் சேர்ந்தாள். அதன்பின் வீட்டுக்கே வரவில்லை. ஆள் பற்றாததால் விடுப்பு இல்லை. எங்கள் ஊருக்கு விமானம் ஓட்டி வந்தாலும் கீழே இறங்காமல் திரும்பிவிடுவாள்.

அண்ணாச்சி அதற்கும் வழி கண்டுபிடித்தார். மகள் ஓட்டும் விமானத்திலேயே சென்னைக்கு டிக்கெட் எடுத்து, அவளுக்கென்று மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். விமானம் தாமதமாக வந்தது. கேப்டன், துணை விமானி இருவருக்கும் நேரம் தீர்ந்திருந்தது. ரத்து.

வரிசை என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது சீருடையில் முத்துச்செல்வி வெளியே வந்தாள். இரவு ஓய்வை வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். அண்ணாச்சி மக்ரூன் பொட்டலத்தை என் கவுண்டரில் வைத்தார். "ஒங்க கம்பெனிக்கு இன்னும் கொஞ்ச காலத்துக்கு ஆளு பத்தாமலே இருக்கட்டும் தம்பி. இல்லன்னா எம் மவ வீட்டுப்பக்கம் எட்டிப் பாப்பாளா?"

ஆக, நாட்டில் விமானிகளுக்குப் பற்றாக்குறையா என்று கேட்டால், ஆறுமுகநேரியில் அன்று ஒருவர் கூடுதலாகவே இருந்தார், மற்ற ஊர்களைப் பற்றி இயக்கக் காரணங்களால் நான் எதுவும் சொல்வதற்கில்லை.