பூட்டை உடைத்த அவசரம்

அவள் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என் தம்பி வாயால்தான். மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, "அக்கா, பொண்ணு எல்லா விதத்திலயும் சரி. ஆனா வீட்ல அவளை 'அவசரம்'னுதான் கூப்பிடறாங்க" என்றான்.

"பெத்தவங்க வச்ச பேரு என்னடா?"

"கேட்டேன். அவங்க சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணே தண்ணிச் சொம்பைக் கொண்டாந்து கையில திணிச்சுட்டா. அதுல மறந்துபோச்சு."

அப்புறம் விசாரித்தேன். அவள் அம்மா எங்கள் அத்தையின் மருமகளுக்குத் தங்கை முறை. அந்த வழியில் அத்தனை பேரும் நிதானம். குளிக்கப் போனால் சோப்பு கரைந்தபிறகுதான் வெளியே வருவார்கள். இவள் மட்டும் குறைமாதத்திலேயே பிறந்து, நடக்கும் முன்னே ஓடினவளாம்.

என் மருமகன், அதாவது தம்பி மகன், நேர் எதிர். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. வழி கேட்டவரோடு கூடவே நடந்துபோய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருகிற ரகம்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிரெய்ல் அச்சகம் வைத்தார்கள். அங்கே மை கிடையாது. தடித்த தாளில் இயந்திரம் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுப்பும். பார்வையில்லாதவர்கள் தடவிப் படிப்பார்கள். அது ஓடினால் பக்கத்து அறை மேஜையில் தம்ளர் நடுங்கும். தாள் அடுக்கித் தைப்பதற்கு நான் போவேன். பிழை பார்க்கிறவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர். விரல்காரர் என்போம். பிழையையும் விடமாட்டார், ஆளையும் விடமாட்டார்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு வகை. உள்ளே இருக்கிற மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டுமாம். அதை அப்டேட் என்பார்கள். அதற்கு இரண்டு வழி. ஒன்று, திரை ஓரத்தில் சின்ன ஜன்னல் திறந்து, "அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா?" என்று தானே கேட்கும், பொத்தானை அழுத்தினால் போதும். இன்னொன்று, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டுவது. என் மருமகனுக்கு ஜன்னல்தான். கேட்ட பிறகு மாட்டேன் என்பானா அவன்! அவசரத்துக்குக் கறுப்புத் திரை. ஒருவர் போடும்போது இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் பூட்டு ஒன்று போட்டுக்கொள்ளும். ஒரே சட்டியை இரண்டு பேர் இரண்டு பக்கமாகக் கிண்டினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் பூட்டு. இதில் வீட்டில் ஏற்கெனவே பெரிய சண்டை நடந்து, இனி ஜன்னல் பக்கமே போகமாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒருநாள் காலையில் பார்வையற்றோர் பள்ளியின் கணக்கு டீச்சர் வந்தார். மறுநாள் ஆண்டுத் தேர்வு. முந்தின வருஷம்வரைக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வியை வாசிக்க, பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவார்கள். இந்த முறை நாங்களே படித்து எழுதுகிறோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள தாள் கைக்கு வரலேன்னா பழையபடியே வாசிச்சுக் காட்டிடுங்கன்னு மேல சொல்லிட்டாங்கம்மா" என்றார் டீச்சர். "இந்த வருஷம் விட்டா மறுபடி இதைப் பத்திப் பேசக்கூட விடமாட்டாங்க."

மாதிரிக்கு ஒரு தாள் ஓட்டினார்கள். விரல்காரர் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எழுத்தெல்லாம் சரி. பின்னம் ஒண்ணுகூட தேறாது. அரைன்னு இருக்க வேண்டிய இடத்துல என்னமோ பனிரெண்டுங்குது."

"அது பழைய மென்பொருளோட கோளாறு. அப்டேட் போட்டா சரியாயிடும்" என்றாள் அவசரம். சொல்லிவிட்டு டீச்சரிடம் மீதிக் கேள்விகளைச் சரிபார்க்க உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்து கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். வேறொரு வேலை பூட்டைப் பிடித்திருக்கிறது, காத்திரு என்றது திரை.

"எவன்டா அது வேறொருத்தன்? நான் ஒருத்திதானே இருக்கேன்!"

பழைய பூட்டு ஏதோ கழலாமல் கிடக்கிறது என்று நினைத்து, அதை அப்படியே அழித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். திரையில் பிழைச் செய்தி மளமளவென்று கொட்டியது. பிரெய்ல் மென்பொருள் பாதி பழசு, பாதி புதுசு என்று நின்றது. இயந்திரம் ஒரு புள்ளிகூடக் குத்தவில்லை. அவள் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கழன்றது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? மெஷின் கோவிச்சுக்கிச்சா?" என்றார் விரல்காரர்.

"கொஞ்சம் வாயை மூடுங்கண்ணே!"

என் மருமகன் கதவோரம் நின்றிருந்தான். நான் அவன் காதைப் பார்த்தேன். சிவந்திருந்தது. எங்கள் அப்பாவுக்கும் அப்படி, என் தம்பிக்கும் அப்படி. காது சிவந்தால் எதையோ உடைத்திருக்கிறார்கள்.

மதியம் தாண்டியது. டீச்சர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தார். திடீரென்று அவசரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், மெஷின் மேல குத்தமில்ல. காத்திருன்னு அது சொல்லிச்சு. நான்தான் கேக்காம பூட்டை அழிச்சேன்."

கதவோரத்திலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"அந்தப் பூட்டு என்னோடதும்மா."

"என்னது?"

"உனக்கு வேலை குறையுமேன்னு ஜன்னல்ல நான் அழுத்திட்டேன். நீ வர்ற சத்தம் கேட்டதும் மூடிட்டேன்."

இன்றைக்கு அச்சகம் இரண்டாகப் போகிறது என்று நான் ஊசியைக் கீழே வைத்தேன். அவளோ கண் அகலப் பார்த்துவிட்டுப் படாரென்று கையைத் தட்டினாள்.

"மூடினீங்க, நிறுத்தலை! அது இன்னும் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு. நான் ஒரு பக்கம் கட்டறேன், அது ஒரு பக்கம் அவுக்குது! இதைக் காலையிலேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சு."

"அந்தப் பயம் ஜன்னலை அழுத்தும்போது எங்க போச்சு?"

விரல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நடுவில் வெட்டினால் இன்னும் கெடுமாம். அது தானாக முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்! அவள் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். "பெரியம்மா, என்னைப் பிடிச்சுக்குங்க" என்றாள். நானும் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் ஓடியது நின்றது. பாதியில் நின்றதையெல்லாம் முடித்துவை என்று ஒரு கட்டளை தட்டினாள். என் மருமகன் பக்கத்தில் நாற்காலி போட்டு, திரையில் வருவதை வரிவரியாக வாசித்தான். விட்டுப்போனதை நிரப்பு என்று இன்னொன்று. பிரெய்ல் மென்பொருள் மட்டும் முரண்டு பிடித்தது. அதை முழுக்கக் கழற்றி, புதிதாகவே போட்டார்கள்.

"பிழை ஏதாவது வருதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லவே இல்ல!"

தடதடவென்று இயந்திரம் குத்த ஆரம்பித்தது. தம்ளர் ஆடியது. முதல் தாள் கீழே விழுவதற்குள் அவசரம் பிடுங்கி விரல்காரர் கையில் வைத்தாள். அவர் வேண்டுமென்றே மெதுவாகத் தடவினார்.

"அரை அரையா இருக்கு. முக்கால் முக்காலா இருக்கு. நாலாவது கணக்கு மட்டும் எனக்கு வராது டீச்சர், கொஞ்சம் சுலபமாக் குடுத்திருக்கலாம்."

டீச்சர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அடுக்கினோம், தைத்தோம். வெயில் இறங்கும் முன்னே தாள்கள் வண்டியேறின.

மறுநாள் தேர்வு முடிந்ததும் டீச்சர் போன் செய்தார். "ஹாலுக்குள்ள ஒரு குரல் கேக்கலம்மா. எல்லாம் தாள்ல விரல் உரசற சத்தம்தான்." அவசரம் போனை ஒவ்வொருவர் காதிலும் வைத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அன்று மாலையே கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து அந்த ஜன்னல் தானாகத் திறக்காதபடி நிறுத்திவைத்தார்கள். அடுத்த வருஷம் மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் எங்களுக்கும் அதே மாதிரி தாள் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அச்சகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது பார்வையற்றோர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தேர்வுத்தாள் அச்சடிக்கும் மையமே அந்த அச்சகம்தான்; அதற்கு அவள்தான் தலைமைப் பொறுப்பாளர். மேல்மாடியில், இயந்திர அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறாள்; அவள் மேஜையில் தம்ளர் இப்போதும் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது.