மதில் தாண்டிய தூதர்

போன வாரம் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, குண்டு விழுந்து இடிந்துபோன ஒரு தெருவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான். "இவங்க ஏம்மா பேசித் தீத்துக்கல?" என்று கேட்டான். அவனுக்கு ஆறு வயது. அவன் தூங்கிய பிறகு, எந்த நாடு எதற்காக எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. உள்ளதைச் சொன்னால் பயந்துபோவான். சொல்லாவிட்டால் பள்ளியில் வேறு யாராவது வேறு விதமாகச் சொல்லிவிடுவார்கள். மறுநாள், "பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன். அது சரியான பதில்தானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏறக்குறைய அவன் வயதில் நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் கேட்டது அம்மாவையும் அத்தையையும் பற்றி.

அப்போது நாங்கள், தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்து வாழும் கெலுகோரில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீடு அத்தையுடையது. அத்தை அப்பாவின் அக்கா, பிள்ளைகள் இல்லாதவர். இரண்டு வாசலுக்கும் நடுவில் நான் ஏறித் தாண்டக்கூடிய உயரத்தில் ஒரு மதில். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்கள் வீட்டில் தூங்கி, இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார்.

சண்டைக்குக் காரணம் முறுக்கு. அந்தத் தீபாவளிக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் பலகாரம் கொடுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு வைத்து, அம்மா தன் அலுவலகத் தோழிகளை அழைத்திருந்தார். வேலைக்கும் போய்க்கொண்டு பலகாரமும் சுட நேரமில்லாததால், லிட்டில் இந்தியா கடைத்தெருவில் முறுக்கு வாங்கி வீட்டு டின்களில் மாற்றி வைத்திருந்தார். ஒரு தோழி கடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் சுட்டதா என்று கேட்டார். அம்மா சிரித்தார். ஆமாம் என்று சொல்லவில்லை, சிரிக்க மட்டும்தான் செய்தார். அதற்குள் அத்தை, "இவளுக்கு ஏது நேரம்? கடை முறுக்குதான்" என்று சொல்லிவிட்டார். அத்தை அதைப் பரிவோடுதான் சொன்னார் என்று சித்தப்பா பிறகு வாதாடிப் பார்த்தார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கு முறுக்கைப் பற்றிக் கவலையில்லை. தம்பியைப் பற்றித்தான் கவலை. அவன் குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். அவன் பிழைத்து வீட்டுக்கு வந்தால், பள்ளியில் சேரும்வரை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தேர் வரும் வழியில் அவன் கையால் தேங்காய் உடைப்பதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். வருடா வருடம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தேங்காய்க்காரரிடம் சொல்லிவைப்பார்கள். அவர் லோரியில் கொண்டுவந்து சாலையோரம் குவிப்பார். வெள்ளித் தேர் நெருங்கும்போது அத்தை தம்பியின் கையைப் பிடித்து முதல் தேங்காயை உடைப்பார். வரப்போவதுதான் கடைசி வருடம். வேண்டிக்கொண்டவர் அத்தை, பிள்ளை அம்மாவுடையது. இருவரும் பேசாமல் எப்படி உடைப்பது? உடைக்காவிட்டால் தம்பியைத் திரும்பவும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன்.

ஈராக்கில் போர் வருமா வராதா என்று உலகமே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. செய்தி நேரத்தில் கோட்டு போட்ட மனிதர்கள் விமானத்திலிருந்து இறங்கினார்கள், கை குலுக்கினார்கள், மறுபடியும் விமானம் ஏறினார்கள். சித்தப்பா ஒன்று விடாமல் பார்ப்பார்.

"சித்தப்பா, சண்டை வந்துருமா?"

"எங்க, ஈராக்லயா?"

"இல்ல. மதிலுக்கு அந்தப் பக்கம்."

அவர் சத்தத்தைக் குறைத்தார். "தூதர் போய்வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் சண்டை வராது லா. நம்மகிட்ட தூதர் இல்ல, அதான் பிரச்சன."

"நீங்க போங்களேன்."

"நானா? எந்தப் பக்கம் பேசினாலும் எனக்கு ஒருவேளை சோறு போயிரும். உங்கப்பா அணிசேரா நாடு, வாயே தொறக்க மாட்டாரு. நீ போ. தூதர யாரும் அடிக்கக் கூடாது, அது உலகச் சட்டம்."

சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர் கொடுத்த ஒரே விதி.

அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தைப்பூசத்துக்கு அத்தையோடு தேங்காய் உடைக்கிறோமா என்று கேட்டேன். "உங்கத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவங்களே உடைச்சுக்கட்டும்" என்று கழுத்தை வெட்டினார். நான் மதிலைத் தாண்டிப் போய், அம்மாவின் கழுத்து வெட்டையும் சேர்த்து அப்படியே ஒப்பித்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "அப்படியா சொன்னா? உடைச்ச தேங்காயா கடையில வாங்கி, டின்ல போட்டு வச்சுக்கச் சொல்லு."

அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். அம்மா அன்று பாத்திரங்களைக் கழுவிய சத்தம் தெருவுக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் ஈராக் தேவலை என்று ஆகிவிட்டது.

"அடியே, அப்படியேவா சொன்னே?" சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்கதான கூட்டாம குறைக்காம சொல்லச் சொன்னீங்க?"

"ஐயோ, அது டிவியில வர்ற தூதருக்கு லா! எனக்கு இன்னிக்கு ரெண்டு வீட்லயும் சோறு இல்ல."

நான் பதவியை விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து, மதிலுக்கு அப்பால் அத்தை இருமுவது கேட்டது. அம்மா குழம்பைக் கிண்டுவதை நிறுத்தி, "இன்னும் விடலயா இந்த இருமல்?" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சட்டியிடம் சொன்னார். அதையும் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம். அன்றே எதையும் இரண்டு தடவை யோசிக்கும் பிள்ளை நான். இருந்தாலும் போய்ச் சொன்னேன்.

"அத்த, இன்னும் விடலயா இந்த இருமல்னு அம்மா கேட்டாங்க."

அத்தை சுத்தமாக இருந்த மேசையை மறுபடியும் துடைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, சின்னதாக ஒரு மஞ்சள் வேட்டியை எடுத்து என் கையில் வைத்தார். தம்பிக்காகத் தைத்தது. "நீளம் சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொல்லு. இந்த வருஷம் வளந்துட்டான்."

அம்மா அந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நீளத்தைப் பார்க்கவே இல்லை. "சரியா இருக்குன்னு சொல்லிடு" என்றார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில், தேர் வரும் சாலைக்கு இரண்டு வீடும் போனோம். அம்மாவும் அத்தையும் இன்னும் நேருக்கு நேர் பேசியிருக்கவில்லை. எங்கள் இடத்தில் வழக்கமான குவியலுக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு குவியல் இருந்தது. நடுவே தேங்காய்க்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க இவ்வளவு கொண்டாரச் சொன்னது?" என்று அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். "நீங்கதான்மா. தீவாளி முடிஞ்ச கையோட வந்து, ரெண்டு வீட்டுக்கும் சேத்து எப்பவும் போலன்னு சொன்னீங்க." பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "அக்கா, அதே வாரத்துல நீங்களும் வந்து எங்க வீட்ல சொல்லிட்டுப் போயிருக்கீங்க, ரெண்டு வீட்டுக்கும் சேத்துன்னு. அது வேற, இது வேறன்னு நெனச்சுட்டோம்."

அம்மா தேர் வருகிறதா என்று சாலையின் கோடியைப் பார்த்தார். தேர் வர இன்னும் நேரமிருந்தது.

"சூடம் கொண்டாந்தியா?" என்றார் அத்தை.

"இருக்கு அண்ணி. ரெண்டு டப்பா."

தேர் வந்தது. அத்தை தம்பியின் கையைப் பிடித்து முதல் தேங்காயை ஓங்கினார். அவனுடைய இன்னொரு கையை அம்மா பிடித்திருந்தார். அவ்வளவு தேங்காயையும் எங்களால் உடைத்துத் தீர்க்க முடியவில்லை. பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த சீனக் குடும்பத்தைச் சித்தப்பா கூப்பிட்டு, அள்ளி அள்ளிக் கொடுத்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க வீட்டுத் தூதர்!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். பெருமையோடு தலையாட்டினேன்.

மார்ச் மாதம் ஈராக்கில் குண்டு விழுந்தது. அங்கே நல்ல தூதர் கிடைக்கவில்லை போல என்று சித்தப்பாவிடம் சொன்னேன். என் வேலையில் எனக்கு அத்தனை நம்பிக்கை. அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

தேங்காய்க்காரர் சொன்னதை நானும்தான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் முதன்முதலாக மதில் ஏறுவதற்கு எத்தனையோ நாள் முன்பே, சண்டை சூடாக இருந்த அந்த வாரத்திலேயே, இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் இரண்டு வீட்டுக்கும் தேங்காய் சொல்லிவைத்திருந்தார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பாவம், இந்த மனிதருக்குக் கணக்கு வராது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.