எடைக்கல்லை வைத்துப் பார்த்த லென்ஸ்

சந்தையில் அவரைத் தராசுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, எடை இயந்திரங்களைச் சோதித்து முத்திரை வைப்பது வேலை. தோள்பையில் பித்தளை எடைக்கற்கள் இருக்கும். "நேத்துதான் சார் சரிபண்ணினேன்" என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் மனிதர் மசியமாட்டார். கல்லை எடுத்துத் தட்டில் வைப்பார். "கல்லு பொய் சொல்லாதுங்க" என்பார். அடுத்தவர் இயந்திரம் எதையும் நம்பாத ஆள்.

அப்படிப்பட்டவர் தன் கேமராவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். நாற்பதைத் தாண்டியபின் முகங்களைப் படம் எடுக்கும் பித்து பிடித்து, பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தார். கேமராக் கடைக்காரர் கூடவே இருபத்தெட்டு என்று எண் போட்ட அகல லென்ஸ் ஒன்றையும் தலையில் கட்டிவிட்டார். "ரூம் மொத்தமும் அடங்கும் சார்." அடங்கியது, உண்மைதான். ஆனால் ஒரு முகம் மட்டும் படத்தை நிறைக்க வேண்டுமானால், மூச்சுக்காற்று படும் தூரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவரும் போனார்.

மனைவி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. "எனக்குன்னு உருப்படியா ஒரு படம் இல்ல. ஐடி கார்டுல பாத்தா போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கேன்" என்று ஆசையாகக் கேட்டவள் அவள்தான். புதுச் சேலை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் முட்டி போட்டு, ஒரு முழ தூரத்தில் கேமராவைப் பிடித்து அமுக்கினார். படத்தில் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். வேறொன்று எடுக்கலாம் என்றிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"கேமரா பொய் சொல்லாதும்மா. இருக்கறதத்தான் காட்டும்."

அவள் முகம் சுண்டிப்போனது. "சரி, அத அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவர் மறுபடியும் இமை முடியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் கை மேலே போய் மூக்கை மறைத்தது. பள்ளியில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது, "நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று ஃபோனை வாங்கிக்கொண்டாளாம். சக ஆசிரியை ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். தராசுக்காரருக்குச் சுருக்கென்றது. போகப் போகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பேச்சை எடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

நல்லதாக ஒரு லென்ஸ் வாங்கிவிட்டால் பழியைத் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. முகத்துக்கு எண்பத்தைந்து எண் லென்ஸ்தான் சரி என்று பலரும் சொல்ல, கேமரா வாங்கிய பழைய கடைக்கே போனார். தொழில் புத்தி விடுமா? பையிலிருந்து எடைக்கல்லை எடுத்து, அதன் உச்சியில் இருக்கும் பிடிக்குமிழ் தன்னைப் பார்க்கும்படி மேசைமேல் படுக்க வைத்தார். "என்ன சார் இது, லென்ஸ எடை போடப் போறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

முதலில் தன் இருபத்தெட்டை வைத்துக் கிட்டே போய் எடுத்தார். குமிழ் பூதாகாரமாக வந்தது, கல்லின் உடம்பு பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. எண்பத்தைந்தை மாட்டி வாசல்வரை பின்னால் போய் எடுத்தார். கல் கல்லாக இருந்தது. அப்பாடா, குற்றவாளி அகப்பட்டான் என்றுதான் நினைத்தார். ஆனால் பழக்கதோஷம், ஒரு தடவை சோதித்தால் போதாது. அதே வாசலில் நின்று பழைய லென்ஸிலும் எடுத்து, அந்தச் சின்னஞ்சிறு உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். குமிழ் கச்சிதமான அளவில் இருந்தது.

லென்ஸ்மேல் பழி போடவும் வழியில்லாமல் போயிற்று. குற்றம் அவர் நின்ற இடத்தில் இருந்தது. எண்பத்தைந்து செய்த உபகாரமெல்லாம், தள்ளி நின்றாலும் முகம் படத்தை நிறைக்கும் என்பதுதான். எடை இயந்திரத்தைச் சாய்ந்த தரையில் வைத்துவிட்டு எடை சரியில்லை என்கிற கடைக்காரர்கள் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! கல்லைத் துடைத்துப் பைக்குள் வைக்கும்போது அவருக்குக் கை கூசியது.

எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவளை உட்காரவைத்து, கல்லின் மூன்று படங்களையும் காட்டினார்.

"தப்பு உன் மூக்குல இல்லம்மா. நான்தான் ரொம்பக் கிட்ட வந்து எடுத்துட்டேன். தெரியாம அப்படி ஒரு வார்த்தையும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அறையில் இடம் போதாமல் அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையலறையைத் தாண்டி, துவைக்கும் இயந்திரத்தில் முதுகு இடிக்க நின்று எடுத்தார். படம் அருமையாக வந்தது. தினமும் பார்க்கிற அதே முகம்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"கடையில மிஷின் தப்பா காட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கல்ல வச்சுப் பாப்பேன்."

"பதினோரு வருஷமா தெனம் என் மூஞ்சியப் பாக்கறீங்க. அன்னைக்கு படத்தப் பாத்துட்டு ஒரு தடவ நிமிந்து என்னைப் பாத்திருந்தாப் போதும். பாக்கவே இல்லயே நீங்க."

உண்மைதான். அன்றைக்கு அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கேமராவை மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார்.

"என்ன, இப்ப உக்காந்து வேடிக்க பாக்கறீங்க?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கவே, அவளுக்கே தெரியாமல், கை மேலே போய் மூக்கை மறைத்துக்கொண்டது.