குடும்பப் படம் பாத்து அழுதது என்ட மனுசன்

போன ஞாயிறு தியேட்டரில என்ட மனுசன் அழுதிட்டார்.

தோள் குலுங்கக் குலுங்க அழுதவர். முன் சீட்டில இருந்த ஆள் ரெண்டு தரம் திரும்பிப் பாத்தது.

"லேடீஸ் படமாம், உமக்குப் பிடிக்கும்" எண்டு இவர்தான் டிக்கெட் எடுத்தவர். மகளைக் கீழ் வீட்டு அக்காவிட்ட விட்டிட்டு, வெள்ளவத்தையில பஸ் ஏறி ரெண்டரை ஷோவுக்குப் போனம். (கலியாணம் கட்டிப் பத்து வருசத்தில நாங்க ரெண்டு பேரும் தனியப் பாத்த மூண்டாவது படம். முதல் ரெண்டும் துவக்கால சுடுற சண்டைப் படம்.)

படத்தில ஒரு ஹவுஸ்வைஃப். பள்ளிக்கூட காலத்தில நல்லா ஓடுற பிள்ளை. மெடல் எல்லாம் இப்ப அரிசி வாளிக்குப் பின்னால. காலமை நாலு மணிக்கு எழும்புறா, சமைக்கிறா, துடைக்கிறா, மாமியாரிட்ட ஏச்சு வாங்குறா. புருசன் பேப்பர் பாக்கிறான்.

கடைசியில காஸ் சிலிண்டர் லொறிக்குப் பின்னால ஓடுறா. ஸ்லோ மோஷனில. வயலின் அஞ்சு நிமிசம்.

அந்த இடத்திலதான் இவர் உடைஞ்சு போனார்.

அவருக்கு அங்கால இருந்த அன்ரி ஒராள் ஹேண்ட்பேக்கைத் திறந்து டிஷூ குடுத்தா. பிறகு என்ட பக்கம் சரிஞ்சு மெல்லமாக் கேட்டா.

"பாவம். தம்பின்ட வைஃப் தவறிட்டாவோ?"

"நான்தான் அன்ரி வைஃப்."

அன்ரி டிஷூ பக்கெட்டைத் திருப்பி பேக்குக்குள்ள வைச்சிட்டா.

நான் அழேல்ல. எனக்கு வேற யோசினை.

மகள் பிறக்க முதல் நான் வீட்டு ப்ளான் கீறுற ஒஃபிஸ் ஒண்டில வேலை செய்தனான். அப்ப என்னோட இருந்த ஃப்ரெண்ட் ஒராள் அந்தக் கிழமை கோல் எடுத்தவ. நுகேகொடையில அவ இருக்கிற ஒஃபிஸில ஆள் தேவையாம். வாற வியாழக்கிழமை இன்டர்வியூ. நானும் ஓம் எண்டிட்டன்.

இவரிட்ட சொல்லேல்ல. நாலு நாளா வாய் வரைக்கும் வரும். பிறகு மழையைப் பற்றிக் கதைச்சிட்டு விட்டிடுவன்.

படம் முடிய ஷோர்ட் ஈட்ஸ் கடை. ரோல்ஸ், ப்ளேன்டீ. இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்றார்:

"சீ, என்ன மனுசன் அவன்! உனக்கு என்ன வேணும் எண்டு ஒருக்காலாவது கேட்டானே?"

"நீங்க கேட்டனீங்களோ?"

ரோல்ஸ் வாய்க்குப் போற வழியில நிண்டிட்டுது.

"சரி, இப்ப கேக்கிறன். உமக்கு என்ன வேணும்?"

முதலில சோஸ் போத்தலைக் கேட்டன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு இன்டர்வியூ விசயம் முழுக்கச் சொன்னன்.

இவர்ட முதல் கேள்வி:

"அப்ப பிள்ளையை ஸ்கூலால ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

(அழுத டிஷூ இன்னும் கையில இருக்கு!)

"படத்தில அவனும் இதைத்தான் கேட்டவன். இன்டர்வெலுக்கு முதல்," எண்டன்.

திரும்பிப் பஸ் ஏறினம். நான் யன்னல் பக்கம். கோவம் பாதி அவரில, பாதி என்னில. ஏழு வருசம் விட்டிட்டு இப்ப போய் என்ன கிழிக்கப் போறன் எண்டும் ஓடுது. ஃப்ரெண்டுக்கு "வரேல்ல, ஸொரி" எண்டு டைப் பண்ணினன். அனுப்பேல்ல. அழிக்கவும் இல்ல.

திங்கள் காலமை நான் குசினியில இடியப்பம் அவிக்கிறன். ஹோலில இவர் பொஸ்ஸோட ஃபோனில சிங்களத்தில கதைக்கிறது கேக்குது. வியாழன் ஷோர்ட் லீவ் வேணுமாம். பொஸ் என்ன கேட்டாரோ தெரியாது, இவர் சொல்றார்:

"நே சேர், மம தமய் லமயவ கன்ன யன்னே."

(இல்ல சேர், நான்தான் பிள்ளையைக் கூட்டப் போறன்.)

ஃபோனை வைச்சிட்டுக் குசினிக்கு வந்தார்.

"சம்பல் இருக்கோ?"

"இருக்கு."

அவ்வளவுதான் கதைச்சது. அவர் குளிக்கப் போன பிறகு அந்த மெசேஜை அழிச்சன்.

வியாழன் இன்டர்வியூ செய்தது ஒரு மேடம். நான் பழகின சொஃப்ட்வெயாரை இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம். புதுசு தெரியாது எண்டு உள்ளதைச் சொன்னன்.

"அப்ப ஏழு வருசமா வேலை ஒண்டும் செய்யேல்லையோ?"

"வேலை செய்தனான் மேடம். ப்ளான் மட்டும் கீறேல்ல."

மேடம் சிரிக்கேல்ல. குனிஞ்சு என்னவோ எழுதினா. பிறகு, "மூண்டு மாசம் ட்ரையல். ஒண்டாம் திகதி வாங்கோ" எண்டா.

ரோட்டுக்கு வந்து இவருக்கு கோல் எடுத்தன். நாலு தரம் அடிச்சும் எடுக்கேல்ல. பிறகு அவரே கோல் எடுத்தார்.

"கிடைச்சிட்டுது," எண்டன்.

"நல்லம்! சரியான சந்தோசம்! இஞ்ச, பிள்ளையைக் காணேல்ல."

"எந்த கேட்டில நிக்கிறீங்க?"

"கேட் ஒண்டுதானே?"

"ரெண்டு."

ஓடுற சத்தம் கேட்டுது. (ஸ்லோ மோஷன் இல்ல.)

மிச்சக் கதையைப் பின்னேரம் மகள்தான் சொன்னவ. முன் கேட்டில அவவும் டீச்சரும் மட்டும் நிண்டவையாம். வேர்த்து விறுவிறுத்து ஒராள் ஓடி வர, டீச்சர் மகளைத் தனக்குப் பின்னால இழுத்துப் பிடிச்சிட்டு "நீங்க ஆர்?" எண்டு கேட்டவவாம். "அப்பா" எண்டு இவர் சொல்ல, "பிள்ளை எந்த க்ளாஸ்?" எண்டவவாம்.

"அப்பா 'ரெண்டு' எண்டவர். டீச்சர் 'எந்த ரெண்டு?' எண்டு கேட்டவ. அப்பா என்னைப் பாத்தவர்."

"நீ என்ன செய்தனீ?"

"பி எண்டு வாயை மட்டும் அசைச்சுக் காட்டினன். பாவம்தானே."

இவர் எங்கட முகத்தைப் பாக்காம ப்ளேன்டீ ஊத்திக்கொண்டு நிண்டார். மூண்டு கப்.

ஒண்டாம் திகதி தொடங்கிறன். கிழமையில மூண்டு நாள் மகளைக் கீழ் வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு வருவா. (அக்கா, இதையும் நீங்க வாசிப்பீங்க எண்டு தெரியும். நன்றி!) செவ்வாயும் வியாழனும் இவர். தெஹிவளை ஒஃபிஸில லஞ்ச் நேரத்தை மாத்தி எடுத்திருக்கிறார்.

அதால ரெண்டாம் வகுப்பு அம்மாமார் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒருத்தர் பின் கேட்டில தனிய நிண்டா, செக்யூரிட்டியைக் கூப்பிடாதேங்கோ.

அவர் எங்கட ஆள்தான். முன் கேட்டுக்கு அனுப்பி விடுங்கோ.