நேர்கோட்டார்

என் அக்கா புருஷனை ஆபீசில் எல்லாரும் நேர்கோட்டார் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாமல். அவர் ஒரு விமானக் கம்பெனியில் பாதை போடும் பிரிவுக்குத் தலைவர். எந்த விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் ஏற்ற வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை. இரண்டு ஊருக்கு நடுவே நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு, "சுத்தி வளைக்கிறவனுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்" என்பார். எண்ணெய் மிச்சம் பிடித்ததற்காகக் கம்பெனி கொடுத்த கேடயம் அவர் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்தவர்கள் அதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டால், பார்க்கும்வரை தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்.

வீரத்துக்கும் குறைச்சல் இல்லை. அவர் தெருமுனையில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். குரைக்கக்கூட அதற்குத் தெம்பு கிடையாது. அதைத் தாண்ட மனசு வராமல் அத்தான் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார்.

எனக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. விமானிகளில், பணிப்பெண்களில் யார் எந்த விமானத்தில் போக வேண்டும் என்று முறை போடுகிற பிரிவு. என் வீட்டுக்காரர் விமானி. ஆக, அத்தான் போடும் கோட்டில் என் புருஷனை ஏற்றி அனுப்புவது நான்.

பக்கத்து நாட்டில் சண்டை மூண்டது. எங்கள் மேற்குப் பாதை அதன் தலைக்கு மேலேதான் போகிறது. அந்த நாடு தன் வானத்தைப் பாதி மூடியது. முப்பத்திரண்டாயிரம் அடிக்குக் கீழே யாரும் வரக்கூடாது, அதற்கு மேலே தாராளமாக வரலாம். முழுசாக மூடினால், தாண்டிப் போகிற விமானங்கள் கட்டும் வாடகை நின்றுபோகுமே. மற்ற கம்பெனிகள் பல சுற்றிப் போக ஆரம்பித்தன. "மேல திறந்துதானே இருக்கு? சட்டப்படி சரி" என்றார் அத்தான். ஏவுகணை முப்பத்திரண்டாயிரம் அடி வந்ததும் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுமா என்று மூத்த விமானி ஒருவர் கேட்டார். அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டி, மாதக்கணக்கில் பறக்கவிடாமல் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரரும் திறக்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"பொழுது சாயற நேரம். கீழ யாரோ தீக்குச்சியைக் கிழிச்சுக் கிழிச்சுப் போடற மாதிரி இருந்துச்சு."

"எவ்வளவு தூரத்துல?"

"தெரியல. அதான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து அவர் மேற்கே போகிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அக்காவிடம் சொன்னேன், அக்கா அத்தானிடம் சொன்னாள். "உன் தங்கச்சிக்கு நெஞ்சுல தைரியம் பத்தாது" என்றாராம், அந்த நாய்க்குப் பயந்த சூரர்.

அந்தச் சமயத்தில் அக்காவும் அவள் மகளும் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பாதையில் போனார்கள். அக்கா மகள் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். எதையும் வெறுமனே பார்க்கிற பெண் இல்லை. முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். அந்த நாட்டின் எல்லை நெருங்கியதும் விமானம் பெரிதாக ஒதுங்கி, நாட்டையே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"சித்தி, சித்தப்பா எப்பவும் அப்படிச் சுத்தித்தான் போவாரா?"

"இல்லம்மா. நேராத்தான்."

"அப்ப நாங்க போனப்ப மட்டும் ஏன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பாவிடமே கேட்டாள்.

"அன்னைக்குக் காத்து சரியில்ல" என்றார் அத்தான்.

"மறுநாள் சரியாயிடுச்சாப்பா? மறுநாள் நேராத்தான் போச்சாமே."

என் வீட்டுக்காரர் தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அத்தானுக்கு வந்தது, தெரிந்தது, மறுநாளே மறந்தும் போனது. நான் மனிதர்களில் பலவிதம் பார்த்திருக்கிறேன். ஆபத்து தெரியாமல் அனுப்புகிறவனை மன்னிக்கலாம். இவர் நன்றாகத் தெரிந்தே அனுப்புகிறவர் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சில மாதங்களில் அக்கா மகள் எங்கள் கம்பெனியிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். அத்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"படிச்ச படிப்புக்கு வேற வேலையே கிடைக்கலையா உனக்கு?"

"நான் ஏறினா ப்ளேன் சுத்திப் போகுதுப்பா. அதான் அடிக்கடி ஏறலாம்னு."

அவளைச் சேர்க்காதீர்கள் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

அவள் பறக்கத் தொடங்கியதும் அத்தான் நல்ல பிள்ளையாக என் மேசைக்கு வர ஆரம்பித்தார். "அவ மேற்கே போற நாளை மட்டும் சொல்லிடும்மா" என்பார். சொன்னேன். அந்த நாட்களில் கோடு வளைந்தது, மற்ற நாட்களில் நிமிர்ந்தது. மற்ற நாட்களில் ஏறியவர்கள் எல்லாம் ஊரான் பெற்ற பிள்ளைகள்தானே. கம்பெனி விதி அனுமதித்த அளவுக்கு நானும் அவளுக்கு மேற்கையே போட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம், மேற்கே போக வேண்டிய பணிப்பெண் ஒருத்தி விமானத்தின் வாசல்வரை வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு விமானத்துக்காகச் சீருடையில் நின்றிருந்த அக்கா மகள், "நான் போறேன்" என்று ஏறிவிட்டாள். விமானம் கிளம்பிய பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அன்றைக்குக் கோடு நேர்.

அத்தான் அறைக்கு ஓடினேன்.

"உங்க பொண்ணு ஏறிட்டா அத்தான்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. சுவர்த் திரையில் விமானம் ஒரு பச்சைப் புள்ளியாக எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிப் போகச் சொல்லி அவசரமாகச் செய்தி தட்டினார். விமானத்திலிருந்து பதில் வந்தது. சுற்ற எண்ணெய் பத்தாது, நேர் வழிக்கு மட்டும்தான் போட்டிருக்கிறீர்கள். திரும்பி வருகிறேன், பாதை ஆபத்து என்று காரணத்தை எழுதி அனுப்புங்கள்.

காரணம் இல்லாமல் திரும்பினால் என் வீட்டுக்காரருக்கும் அந்த ஆபீஸ் நாற்காலிதான். அவர் பயமும் எனக்குத் தெரியும். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை வீட்டில் வைத்துக்கொண்டேன்.

"அனுப்புங்க அத்தான்."

"இரு."

"எல்லை வந்துடும்."

"ஆபத்துன்னு எழுதினா, இத்தனை நாள் ஏன் அனுப்பினேன்னு கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும்."

அவர் விரல்கள் அசையவில்லை. நானே தட்டலாம் என்று கீபோர்டை இழுத்தேன். அதை வெடுக்கென்று பிடுங்கி, பெற்ற பிள்ளையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளை திரையில் போய்க்கொண்டிருந்தது. புள்ளி எல்லைக்குள் நுழைந்தது. என் உயிர் இரண்டும் அந்தப் புள்ளியில் இருந்தன. அது மறுபக்கம் வெளியே வந்ததும் அத்தான் கீபோர்டை மேசையில் வைத்து, கைக்குட்டையால் துடைத்தார். "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லா விமானமும் சுற்றித்தான் போயிற்று. காரணம் வானிலை என்று எழுதியிருந்தார். கொஞ்ச நாளில் வேறொரு கம்பெனியின் சரக்கு விமானம் அந்த வானத்திலிருந்து இறக்கையெல்லாம் ஓட்டையோடு தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்து இறங்கியது. அந்த நாடு வானத்தை அடியோடு மூடியது. முன்கூட்டியே பாதையை மாற்றிய தொலைநோக்குக்காக எங்கள் கம்பெனி அத்தானுக்கு இன்னொரு கேடயம் கொடுத்தது. இந்தத் தடவை பாதுகாப்புக்காக.

அதைப் பார்க்க எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். பழைய கேடயத்தை நகர்த்திப் புதியதை நடுவில் வைத்திருந்தார். அக்கா மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உனக்காகத்தான் மாத்தினேன்" என்றார் குரலைக் குழைத்து.

அவள் கழுத்துத் துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் காக்பிட்லதான் நின்னுட்டிருந்தேன்ப்பா. எல்லை தாண்டற வரைக்கும் சித்தப்பாவும் நானும் உங்க பதில் வரும்னு பாத்துட்டே இருந்தோம்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அத்தான் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். நாங்கள் யாரும் கேடயத்தின் பக்கம் திரும்பவில்லை.