மூடிய பங்கும் எங்கள் போர்த் தண்ணீரும்

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. விழுப்புரத்துக்காரர், கடலூர்க்காரர் எல்லாம் விலை குறைவென்று இங்கே வந்து டேங்க் நிரப்பிக்கொண்டு போவார்கள். ஹாரன் சத்தம் மண்டையைப் பிளக்கும். அதை மூடியபோது எங்கள் கருவடிக்குப்பத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். மண்ணுக்குள் இருந்த தொட்டிகளைத் தோண்டி எடுத்த பிறகுதான் அதில் ஒன்று ரொம்பக் காலமாக ஒழுகியிருப்பது தெரிந்தது.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் கம்பெனி அனுப்பி ஒரு தம்பி பைக்கில் வர ஆரம்பித்தார். பங்க் இருந்த காலி மனையில் இறக்கியிருந்த குழாய்களின் மூடியைத் திறந்து, கயிறு கட்டித் தண்ணீர் எடுத்து, டானிக் பாட்டில் மாதிரிப் பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைப்பார். பெட்ரோல் எவ்வளவு தூரம் நிலத்தடியில் பரவியிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். கடைசியில் எங்கள் போர்க் குழாயிலும் ஒரு பாட்டில் பிடிப்பார். முதல் ரிசல்ட் வந்தபோது, "உங்க தண்ணி நல்லாருக்கும்மா, பயப்படாதீங்க" என்று அவரே சொன்னார். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் நான் தரும் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுத்தான் போவார். அதைவிட எனக்கு வேறென்ன ரிப்போர்ட் வேண்டும்? கேன் தண்ணீர் வாங்காத வீடென்ற பெருமையோடு நாங்களும் அதையே குடித்தோம்.

இருந்தாலும் மனசு ஒரு இடத்தில் நிற்காது. சோற்றை மோந்து பார்ப்பேன். குளிக்கும்போது கையை மோந்து பார்ப்பேன். போன வருடம், ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு என் மகள் வந்த பிறகு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. "அம்மா, பங்க மூடிட்டாங்க. இப்ப அது உன் மூக்குலதான் ஓடுது" என்று கிண்டல் செய்வாள். சிரித்துக்கொண்டே போய் சாம்பாரை இன்னொரு தடவை மோந்து பார்ப்பேன்.

அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும்போது அந்தத் தம்பி மறுபடி வந்தார். சரியான வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கம்போலச் சொம்பை நீட்டினேன்.

"வேணாம்மா. பாட்டில் வெச்சிருக்கேன்."

அவர் சொம்பைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி, புதுசா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா ஒரு வாய் குடிங்க. குடிச்சிட்டுப் போங்க."

அவர் ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்ட ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! "வாயில என்ன கொழுக்கட்டையா? போன தடவ புடிச்சிட்டுப் போனீங்களே, என்னா வந்துச்சி அதுல?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ரிசல்ட் கம்பெனிக்குத்தான் போகும், அவர் வாயைத் திறக்கக் கூடாதாம். "எழுதி அனுப்புவாங்கம்மா" என்றார்.

"எழுதி வர்றதுக்குள்ள என் பொண்ணு பெத்துடுவா!"

சத்தம் கேட்டு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வேற தண்ணி குடுங்கம்மா. சமையலுக்குக்கூட இது வேணாம். போன தடவையே இதுல பெட்ரோல் வந்துடுச்சி" என்றார்.

போன தடவை அவர் பாட்டில் பிடித்துப்போன மறுவாரம்தான் இவள் வந்தாள். அப்படியென்றால் வந்த நாள் முதல் குடித்திருக்கிறாள். சொம்புத் தண்ணீரை அங்கேயே மண்ணில் கொட்டினேன். அந்தத் தம்பிக்கும் பாவம், கண் கலங்கியிருந்தது.

கேன் வாங்கலாம்தான். ஆனால் குளிக்க, முகம் கழுவ, நாளைக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட? அன்று சாயங்காலமே அவளுடைய பையைக் கட்டி ஆட்டோ ஏற்றினேன். தலைப்பிரசவத்துக்கு வந்தவளை, பிள்ளை பெறும் முன்பே மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேனே என்று வழியெல்லாம் எனக்கு ஆற்றாமை.

"நான் குடிச்சதுல புள்ளைக்கு எதாச்சும் ஆவுமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"சீ, வாய மூடு. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

காலாப்பட்டில் சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். நாக்குக்கு நரம்பில்லாத மனுஷி. வளைகாப்பிலேயே சீர்த்தட்டைப் பார்த்து முகம் சுளித்தவர். நானும் பதிலுக்குப் பதில் கொடுக்கத் தயாராகத்தான் போனேன். "எங்க வீட்டுத் தண்ணி கெட்டுப்போச்சி சம்பந்தி. இங்கயே பெத்துக்கட்டும்" என்றேன்.

அவர் திட்டவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கி, மருமகளை உள்ளே போகச் சொன்னார். அவள் போன பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"தெரியல சம்பந்தி" என்றேன்.