ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

நண்பர்களே, கோமதி இறந்த செய்தி நம் இணைய மன்றத்துக்கு வந்து மூன்று நாள் என் ஒப்புதலுக்காகக் கிடந்தது. அனுப்பியவர் அவருடைய தம்பி. நம்மில் யாருடைய தொலைபேசி எண்ணும் தெரியாததால், மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்து எழுதியிருக்கிறார். புதியவரின் முதல் பதிவை நான் படித்து அனுமதித்த பிறகே பிறர் பார்க்கலாம் என்பது நான் போட்ட விதி. நானோ நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திரும்பி வந்து கணினியைத் திறந்தபோது கரமனையில் அவர் வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. குளித்துவிட்டு, கழக்கூட்டத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன்.

மன்றத்தின் பக்கங்களை வடிவமைத்தவர் கோமதி. ஞாயிறுதோறும் கிழக்கேகோட்டையில் ஓர் இணைய மையத்துக்குப் போய், கணினிக்குப் புதிதாக வந்த யார் பக்கத்திலாவது உட்கார்ந்துகொள்வார். நம் பக்கங்களில் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாரே தவிர, எதையும் சுட்டிக்காட்ட மாட்டார். “நாம சொல்லிக் குடுத்துட்டா நம்ம தப்பு நமக்குத் தெரியாமப் போயிடும், கேட்டேளா” என்பார்.

அப்படி ஒரு ஞாயிறு, கோமதி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓட்டலில் வேலை பார்க்கும் முருகன் வாடகைக்கு வீடு கேட்டு மன்றத்தில் எழுதினார். அனுப்பியதும் எழுதிய பெட்டி காலியானது. ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்ற வரி மூலையில் பொடி எழுத்தில் வந்தது. அவர் கண்ணில் அது படவில்லை. போகவில்லை என்று நினைத்து மறுபடி எழுதினார். அதற்குப் பிறகும் ஒரு முறை. ஒரே பதிவு மூன்று முறை வந்ததைப் பார்த்த நான், யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று மூன்றையும் அழித்து, ஆளையும் நீக்கிவிட்டேன்.

மறுநாள் கோமதி என் அலுவலகத்துக்கே வந்தார்.

“ஆத்துக்கு வந்தவரை வாசல்ல நிக்க வெச்சேள். கதவைத் தட்டினார்னு வெரட்டியும் விட்டுட்டேள். அந்த விதியை எடுத்துடுங்கோ சார்.”

“எடுத்தா கண்டவனும் உள்ள வருவான், கோமதி.”

“வரட்டுமே. நீங்களும் நானும் அப்படி வந்தவாதானே?”

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எடுக்கவில்லை. அந்த வரியையாவது பெரிதாக்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. முருகன் அப்புறம் வரவே இல்லை.

விதியை இப்போது எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, கேட்டவர் இல்லை. மனம் மரத்துப்போய்க் கிடக்கிறது.

மன்றத்தில் அந்தச் செய்தி ஏன் மூன்று முறை இருக்கிறது, இரண்டை அழிக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகவில்லை என்று நினைத்து, அக்கா இறந்ததைத் தம்பி மூன்று முறை முதலிலிருந்து எழுதியிருக்கிறார். மூன்றையும் வைத்திருக்கிறேன்.